ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிக்கப் உறுமுகிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கோயம்புத்தூரில் இறக்கும் பிக்கப் உங்களுடையது. ஐந்து வருட வண்டி, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 45-இல் தொடங்கி 60 வரைக்கும் அடியிலிருந்து 'உர்ர்ர்' என்று பெரிய சத்தம், காலை எடுத்தால் அடங்குகிறது. முதல் கியரில் கிளப்பும்போது வண்டி முழுவதும் 'டுடுடு' என்று ஒரு நடுக்கம். 3, 4, 5 மூன்று கியரிலும் ஒரே சத்தம்தான். லோடு இருந்தால் குறைவு, காலியாகத் திரும்பும்போது அதிகம். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார். இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், இரண்டு மாதத்துக்கு முன்னால் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள்.

இறக்க வேண்டாம், தம்பி. உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் கியர்பாக்ஸ் மேல் சந்தேகப்படக் காரணமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நேரில் பார்க்காமல் நான் சொல்வது ஒரு ஊகம்தான் என்பதால், அதை உங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டியில் சத்தம் வந்தால் 'எங்கிருந்து வருகிறது' என்றுதான் எல்லோரும் முதலில் தேடுகிறோம். அந்தத் தேடல் ஏமாற்றிவிடும். சேஸி முழுவதும் இரும்பு. பின்னால் கிரவுனில் (பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) கிளம்பும் சத்தம் சீட்டுக்கு அடியில் கேட்கும், நடுவில் கிளம்புவது கியர் லீவர் வழியாகக் கைக்கு ஏறும். முதலில் கேட்க வேண்டியது 'இந்தச் சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது' என்பதுதான். இன்ஜின் சுற்றோடு ஏறினால் இன்ஜின், அதன் மவுண்டிங், சைலன்சர், ஃபேன், கிளட்ச் பக்கம். வண்டியின் வேகத்தோடு ஏறினால் கியர்பாக்ஸின் வால் பகுதியில் தொடங்கி டயர் வரைக்கும் உள்ள பொருள்கள். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை 2,500 சுற்று வரைக்கும் மெதுவாக ஏற்றுங்கள். அதே சத்தம் நின்ற இடத்திலேயே வந்தால் இன்ஜின் பக்கம். வரவில்லை என்றால் ரோட்டுக்குப் போய், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில் 50 கி.மீ. வேகத்தை 3-ஆவது கியரில் ஒரு தடவை, 5-ஆவது கியரில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் இன்ஜின் சுற்று வேறு, வண்டியின் வேகம் ஒன்று. சத்தம் மாறவே இல்லை என்றால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்தச் சோதனையை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். 3, 4, 5 மூன்றிலும் ஒரே வேகத்தில் ஒரே சத்தம் என்கிறீர்களே, அதுதான் இது.

கியர்பாக்ஸைக் குற்றம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்சக்கரம் இழுக்கும் 5 கியர் வண்டிகளில் பெரும்பாலும் 4-ஆவதுதான் நேர் கியர். அதாவது உள்ளே வரும் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். அடியில் இருக்கும் இரண்டாம் ஷாஃப்ட் சும்மா கூடவே சுழலும், அதன் மேல் இழுவிசை விழாது. கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருந்தால் 3-இலும் 5-இலும் கத்திவிட்டு 4-இல் நன்றாகக் குறையும். ஒரு பல் உடைந்திருந்தால் அந்த ஒரு கியரில் மட்டும் 'டக் டக்' என்று வரும். நியூட்ரலில் 'கரகர' என்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் அது இன்புட் ஷாஃப்ட் பேரிங். கிளட்சை மிதித்தால் மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். உங்களுக்கு இதில் எதுவும் ஒத்துப்போகவில்லை.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம்: லோடு ஏற்றினால் சத்தம் குறைகிறது. பல்லோ பேரிங்கோ தேய்ந்திருந்தால் லோடு ஏற ஏறச் சத்தமும் கூட வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. லோடு ஏற்றும்போது வண்டியில் எடையோடு சேர்ந்து மாறுவது என்ன? பின்பக்க உயரம். உயரம் மாறினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நிற்கும் சாய்வு மாறுகிறது. நீங்கள் போட்ட அந்தப் பட்டை இங்கேதான் வருகிறது.

பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா எதை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னால் இன்ஜின், பின்னால் பட்டை ஸ்பிரிங் மேல் ஆக்ஸில், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீண்ட ஷாஃப்ட். சேஸி நீளமான வண்டிகளில் ஒரே நீளக் குழாயாகப் போட்டால் வேகத்தில் அது வில்லாக வளைந்து ஆடும் என்பதால் இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் ரப்பருக்குள் ஒரு பேரிங்கை வைத்துச் சேஸியில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைத்தான் சென்டர் பேரிங் என்கிறோம். துண்டுகள் சேரும் இடங்களில் கிராஸ் ஜாயிண்ட், அதாவது சாய்ந்து நின்றாலும் சுற்றைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு.

கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக நின்றால் சீராகச் சுற்றும். சாய்ந்து நின்றால், இந்தப் பக்கம் சீராகச் சுழலும் ஷாஃப்ட் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். சாய்வு சின்னதாக இருந்தால் தெரியாது, கூடக் கூடத் துடிப்பு ஏறும். இதைச் சமன் செய்யத்தான் இரண்டு ஜாயிண்டுகளையும் ஒன்றன் துடிப்பை மற்றொன்று அழிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வேலை செய்யும் சாய்வு பொதுவாக 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 215/75 ஆர் 15 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 450 சுற்று சுற்றும். கிரவுன் விகிதம் தோராயமாக 4 என்று வைத்துக்கொண்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது வினாடிக்கு 30. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்றால் வினாடிக்கு 60. அது காதில் தனித்தனி அடியாகக் கேட்காது, 'உர்ர்ர்' என்ற உறுமலாகத்தான் கேட்கும். அதுவே முதல் கியரில் மெல்லக் கிளம்பும்போது துடிப்பை ஒவ்வொன்றாக உணரலாம்: 'டுடுடு'. உங்கள் இரண்டு சத்தமும் ஒரே நோயின் இரண்டு குரல் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டை கூடினதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. காலி வண்டியில் ஷாஃப்டின் சாய்வு கூடியது. அந்தத் துடிப்பை இரண்டு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தது சென்டர் பேரிங் ரப்பர். 1,40,000 கி.மீ. ஓடிய ரப்பர் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும், கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் கிழிந்தால் ஷாஃப்ட் தன் இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அடிக்கும், சாய்வு இன்னும் கெடும். காலை எடுத்ததும் இழுவிசை போய்விடுவதால் அடங்கிவிடும்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். சேஸியில் கொடுத்தால் ஆக்ஸில் தொங்கி ஷாஃப்டின் சாய்வு மாறிவிடும், பார்க்க வந்ததையே பார்க்க முடியாது. வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. அப்படிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவன் நான். இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் சட்டைப் பையில். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்தது.

முதலில் சென்டர் பேரிங். அதன் பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து மேலே தூக்கி, கீழே அழுத்துங்கள். ரப்பர் என்பதால் கொஞ்சம் அசையும், ஆனால் விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். சொத்தென்று விழுந்து கிடந்தால் ரப்பர் போய்விட்டது. டார்ச் அடித்து ரப்பரின் சுற்று மடிப்பைப் பாருங்கள், கிழிசல் கண்ணுக்கே தெரியும். ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைப்பது போல விரலில் பட்டால் பேரிங்கும் போய்விட்டது.

அடுத்து கிராஸ். ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, எதிரெதிராக முறுக்குங்கள். நல்ல ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. சிலுவையின் முனைகளை மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துருத்தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம். வண்டி மெதுவாக உருளும்போது குருவி போல 'கீச் கீச்' என்று கத்துவதும், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் விட்டதும் 'டிணிங்' என்று ஒரு அடி விழுவதும் இந்த ஜாயிண்டின் அடையாளம்தான்.

பிறகு சாய்வு. டயரில் காற்றைச் சரியாக வைத்து, வண்டியைத் தரையில் நிறுத்தி, போனில் இருக்கும் லெவல் பார்க்கும் ஆப்பைக் கொண்டு கியர்பாக்ஸ் பின்பக்க ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தகடு), ஷாஃப்டின் இரண்டு துண்டுகள், கிரவுனுக்குள் சுற்றைக் கொண்டுபோகும் பினியனின் ஃபிளாஞ்ச் ஆகிய நான்கையும் அளந்து எழுதுங்கள். காலி வண்டியில் ஒரு தடவை, லோடு ஏற்றி ஒரு தடவை. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அந்த ஜாயிண்டின் சாய்வு. காலியில் 5, 6 டிகிரி காட்டி லோடில் 2, 3-க்கு இறங்கினால் என் ஊகம் உறுதி. இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: கூடுதலாகப் போட்ட பட்டையை எடுத்துவிட்டு ஒரு நாள் காலி வண்டியாக ஓட்டிப் பாருங்கள். கழற்றி மாட்ட அரை நாள் கூலி, அவ்வளவுதான்.

வேலை பழகிய காலத்தில் நான் இருந்த பட்டறையில் இதே போல ஒரு பிக்கப் வந்தது. எல்லோரும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கினோம், பேரிங் எல்லாம் மாற்றினோம், மாட்டினோம், சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி அடியில் படுத்துப் பார்த்தபோது சென்டர் பேரிங் ரப்பர் முழுவட்டமாகக் கிழிந்து தொங்கியது. வண்டிக்காரர் எதுவும் பேசவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் முதலில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

சரி செய்யும் முறைக்கு வருகிறேன். ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும், நடுவில் துண்டுகள் சேரும் இடத்திலும் பெயிண்டால் குறி போடச் சொல்லுங்கள். குறி இல்லாமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவடுகள் (யோக்) ஒரே வரிசையில் நிற்காது. ஒன்றை ஒன்று அழிக்க வேண்டிய துடிப்புகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். புதுச் சாமான் போட்ட பிறகும் சத்தம் கூடிவிட்டது என்று வரும் வண்டிகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். சென்டர் பேரிங்கைக் கழற்றும் அன்றே கிராஸ்களையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். கப்பை ஏற்றும்போது ஊசி ஒன்று சாய்ந்து விழுந்தால்கூட ஜாயிண்ட் இறுகும். மாட்டி முடித்ததும் நான்கு பக்கமும் கையால் மடங்குகிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். குழாயின் மேல் சுத்தியல் படக்கூடாது, ஒரு சின்னச் சொட்டை விழுந்தாலும் பேலன்ஸ் போய்விடும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும் கிராஸ் என்றால் நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கும் வரைக்கும் அடிக்க வேண்டும். ஒரு கப்பில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் பட்டினி. ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் ஸ்லிப் ஜாயிண்டுக்கும் கிரீஸ் அடிக்க மறக்க வேண்டாம்.

பட்டை விஷயத்தில் என் கருத்து, எடுத்துவிடுங்கள் என்பதுதான். கூடுதல் பட்டை போட்டதால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் அனுமதி எடை உயர்ந்துவிடாது. பிரேக், ஆக்ஸில், டயர் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. பழைய பட்டைகள் தளர்ந்து பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் போட்டீர்கள் என்றால், இருக்கும் பட்டைகளைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்குங்கள் அல்லது தளர்ந்ததை மாற்றுங்கள். இல்லை, தொழிலுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு கொடுத்துப் பினியனின் முகத்தைத் திருப்பலாம். ஆனால் அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கண்மதிப்பில் கொடுத்தால் காலியில் சரியாகி லோடில் கெடும். எதைச் செய்தாலும், ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டை சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். அது தளர்ந்தால் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு 'டம்' என்று அடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் மிஞ்சினால் அடுத்த சந்தேகம் கிரவுன். கிரவுன் சத்தம் உறுமலாக இருக்காது, ஊளையாக இருக்கும். மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி என்றால் பல்லின் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கிறது. விட்டால்தான் ஊளை என்றால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் 'கரகர' என்றால் பேரிங். வளைவில் மட்டும் என்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல்கள். ஆனால் திறப்பதற்கு முன் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் துளையின் விளிம்பு வரைக்கும் இருக்க வேண்டும். பிளக்கில் காந்தம் இருந்து, அதில் மாவு போலச் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவுக்குத் துகள் இருந்தால்தான் கவலை. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்ஸில் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழல் மூடி இருக்கும், அதில் சேறு அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் வெளியே வந்துவிடும். சீலை மட்டும் மூன்று தடவை மாற்றியவர்கள் உண்டு, இந்த மூடியைத் துடைத்திருக்க மாட்டார்கள். பினியன் நட்டை 'கொஞ்சம் டைட் வைத்தால் சத்தம் போய்விடும்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதன் இறுக்கம் அளந்து வைக்க வேண்டியது. கண்டபடி முறுக்கினால் பேரிங் சூடேறிச் செத்துவிடும்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், இன்ஜின் சுற்றோடு ஏறும் சத்தம் உள்ளவர்களுக்காக நான்கு வார்த்தை. மிதிக்கும்போது 'பட் பட்' என்று வந்து, மேனிஃபோல்டு பக்கம் கரிக்கோடு தெரிந்தால் சைலன்சர் பேக்கிங் ஊதுகிறது; புகை கேபினுக்குள் வரும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறலோடு கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கும் அல்லது கிளாம்ப் கழன்றிருக்கும். லாரி போல 'ஹோ' என்ற காற்றுச் சத்தம் எப்போதும் விடாமல் இருந்தால் ஃபேன் கிளட்ச் இறுகிவிட்டது. கிளட்சை விடும்போது ஒரே ஒரு 'டொம்' என்றால் இன்ஜின் மவுண்டிங்.

இன்ஜினுக்குள்ளேயே 'டக் டக்' என்று தட்டினால், எந்த இன்ஜெக்டர் என்று பார்க்கப் பழைய வண்டிகளில் பைப்பை லூஸ் செய்வார்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) அதைச் செய்யவே கூடாது. உங்கள் பின் டயரில் இருப்பது நான்கு, ஐந்து பார் அழுத்தத்தில் காற்று. அந்தப் பைப்பில் டீசல் ஓடுவது ஆயிரம் பாருக்கும் மேல். பீறிட்ட டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரும். ஸ்கேனர் வைத்து ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்க்க வேண்டும். கனமான 'டொக் டொக்' அடியிலிருந்து வந்து, ஆயில் விளக்கும் மினுக்கினால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

உங்கள் வண்டிக்கு வரிசை இப்படி: இன்று மாலையே ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் அதை மாற்றும் வரைக்கும் லோடு ஏற்றி ஓட்ட வேண்டாம். சென்டர் பேரிங் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் வண்டி ஓட்டத்திலேயே கட்டுப்பாடு போகும். பிறகு பட்டையை எடுத்து, பேரிங்கும் கிராஸும் மாற்றி, பழனி ரோட்டில் காலியாக 60 வரைக்கும் ஒரு ஓட்டம். அளந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள், காலிக்கு நான்கு, லோடுக்கு நான்கு. ஆப்புத் தகடு தேவையா இல்லையா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.